செல் சிகிச்சைத் தயாரிப்பில் ரோபோ: பாதியில் நின்றால் என்ன செய்வீர்கள்?

கார்-டி (நோயாளியின் டி செல் என்ற நோயெதிர்ப்புச் செல்களைப் புற்றுநோயைத் தாக்கும்படி மாற்றித் திரும்பச் செலுத்துவது) போன்ற செல் சிகிச்சை மருந்தைத் தயாரித்து முடித்தபின் கிருமி நீக்கிக்கொள்ளலாம் என்ற வசதி கிடையாது. டி செல்லின் விட்டம் ஏறக்குறைய 7 முதல் 10 மைக்ரான், 0.2 மைக்ரான் வடிகட்டியில் அது நுழையாது. சூடாக்கினால் செத்துவிடும். முதல் படியிலிருந்து கடைசிப் படிவரை கிருமியை உள்ளே விடாமல் இருப்பது ஒன்றே வழி. அதற்காகத்தான் மனிதக் கையை விலக்கிவிட்டு ரோபோவை வைக்கிறோம். வைப்பவர்கள் செய்யும் தவறுகள் மட்டும் மாறுவதே இல்லை. கிரிப்பர் (ரோபோவின் பிடிக்கும் விரல்கள்) அழுத்தம் சரியில்லாதது, கேமராவுக்கு வெளிச்சம் போதாதது போன்றவை முதல் வாரத்திலேயே கண்ணில் பட்டுவிடும், அவற்றை விடுவோம்.

மீளத் தெரியாத ரோபோ

எந்தத் திட்டத்தின் விவரக்குறிப்பை எடுத்தாலும், எல்லாம் ஒழுங்காக நடந்தால் ரோபோ என்ன செய்யும் என்று பக்கம் பக்கமாக இருக்கும். பாதியில் நின்றால்? "ஆபரேட்டர் தலையிடுவார்" என்று ஒரே வரி. எரிச்சலூட்டும் வரி இது. எந்த ஆபரேட்டர், எந்தக் கையுறை வழியாக, எவ்வளவு நேரத்துக்குள் என்று எழுதியவருக்கே தெரியாது.

நடப்பது இதுதான். இரவு ஷிப்ட். செல்களில் 10 சதவீதம் டி.எம்.எஸ்.ஓ. (உறையவைக்கும்போது செல்லைக் காக்கும் திரவம்) கலந்தாயிற்று. மூடியைப் பிடித்த கிரிப்பர் அந்தரத்தில் நிற்கிறது. விசை உணரி தடுமாறி நிறுத்திவிட்டது. அறை வெப்பத்தில் டி.எம்.எஸ்.ஓ. செல்களுக்கு நஞ்சு; சீக்கிரம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 1 டிகிரி வீதம் குளிர்விக்கத் தொடங்கியாக வேண்டும். ரோபோ இருக்கும் மூடிய பெட்டியான ஐசோலேட்டரின் குளோவ் போர்ட் (சுவரில் பொருத்திய கையுறை) வழியாகக் கை நீட்டினால் குப்பி எட்டவில்லை. கதவைத் திறந்தால் கிரேடு ஏ எனப்படும் மிகத் தூய்மையான சூழல் போய்விடும். நோயாளியின் சொந்தச் செல் என்பதால் மாற்று பேட்ச் என்று ஒன்று கிடையாது. மறுபடி அவரிடமிருந்து செல் எடுக்க வேண்டும், அதைத் தாங்கும் நிலையில் அவர் இருந்தால்.

காரணம் எளிது. நிரலை ஒரே நீண்ட வரிசையாக எழுதிவிடுகிறார்கள். எந்தப் படியில் நிற்கிறோம் என்பது அதற்குத் தெரியும். குப்பிக்குள் என்ன இருக்கிறது என்பது தெரியாது. மீண்டும் இயக்கினால் அந்தப் படியை முதலிலிருந்து செய்யும், டி.எம்.எஸ்.ஓ. இரண்டாம் முறை விழும்.

முதலில், ஒவ்வொரு படிக்கும் எதிரே, அங்கே நின்றால் செல் எவ்வளவு நேரம் தாங்கும் என்று எழுதுங்கள். 37 டிகிரி இன்குபேட்டரில் இருக்கும் பைக்கு மணிக்கணக்கு. எலக்ட்ரோபொரேஷன் (மின்துடிப்பால் செல் சவ்வில் துளையிட்டு மரபணுப் பொருளைச் செலுத்துவது) கரைசலில் இருக்கும் செல்லுக்கு நிமிடக்கணக்கு. டி.எம்.எஸ்.ஓ. கலந்தபின் எவ்வளவு என்பதை உங்கள் செல்லை வைத்தே சோதித்து எழுத வேண்டும். ஊரார் எண்ணைக் கடன் வாங்க வேண்டாம். நேரம் குறைந்த படிக்குள் நுழையும் முன்னே உறைவிப்பான் தயாரா, அடுத்த குப்பிகள் ஸ்கேன் ஆயிற்றா, யு.பி.எஸ். சார்ஜ் இருக்கிறதா என்று ரோபோவே பார்த்துக்கொள்ளட்டும். இல்லையென்றால் முந்தைய படியிலேயே காத்திருக்கட்டும்.

அடுத்து, மின்சாரமோ அழுத்தக் காற்றோ போனால் எது எந்த நிலைக்குப் போகும் என்பது. கிரிப்பர் பிடியை விடக் கூடாது. ஸ்பிரிங்கால் மூடும் வகையோ தானாகப் பூட்டிக்கொள்ளும் வகையோ வாங்குங்கள். குழாயை நசுக்கி அடைக்கும் வால்வுகள் சக்தி போனால் மூடும் வகையாக இருக்கட்டும்.

மறுபடி தொடங்கும்போது தரவுத்தளத்தை நம்பாதீர்கள். பை தொங்கும் கொக்கியில் எடை உணரி இருந்தால், திரவம் சேர்ந்ததா இல்லையா என்று சில கிராம் வித்தியாசத்தில் தெரிந்துவிடும். மூடி இருக்கிறதா என்று கேமரா பார்க்கட்டும். பார்கோடைத் திரும்பப் படிக்கட்டும். மூன்றும் ஒத்துப்போனால் மட்டும் தொடரட்டும்.

ஐசோலேட்டருக்கு எஃகு வெட்டும் முன் ப்ளைவுட்டிலோ அட்டையிலோ முழு அளவு மாதிரி செய்து, கையுறை மாட்டிய குள்ளமானவரையும் உயரமானவரையும் நிற்கவைத்துப் பாருங்கள். ரோபோ கை எதைத் தவறவிடக்கூடுமோ அந்த இடமெல்லாம் எட்ட வேண்டும்.

கடைசியாக, மீட்பு வேலை ஒவ்வொன்றும் மீடியா ஃபில்லில் (செல்லுக்குப் பதில் கிருமி வளரக்கூடிய மீடியத்தை, அதாவது வளர்ப்புத் திரவத்தை, வைத்து முழு வேலையையும் பாவனையாகச் செய்து பார்ப்பது) இடம்பெற வேண்டும். 2023 ஆகஸ்ட் 25 முதல் நடைமுறையில் உள்ள ஐரோப்பிய ஜி.எம்.பி.யின் (மருந்து உற்பத்தித் தர விதிகள்) கிருமியற்ற மருந்துகளுக்கான திருத்திய அனெக்ஸ் 1, குறுக்கீடுகளையும் சேர்த்துப் பாவனை ஓட்டம் நடத்தச் சொல்கிறது: தொடக்கத்தில் தொடர்ந்து மூன்று ஓட்டம், பிறகு ஏறக்குறைய ஆறு மாதத்துக்கு ஒருமுறை, இலக்கு வளர்ச்சி பூஜ்யம். அதில் செய்து காட்டாத மீட்பை அவசரத்தில் செய்தால், செல் பிழைத்தாலும் பேட்ச் தர விசாரணையில் சிக்கிக்கொள்ளும். ஆகவே வெறும் மீடியத்தை வைத்து, ஒவ்வொரு படியிலும் வேண்டுமென்றே அவசர நிறுத்தப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். அலுப்பான வேலை. நோயாளியின் செல் உள்ளே இருக்கும்போது கற்றுக்கொள்வதைவிட மலிவு.

பெராக்சைடு ஆவி போகாத இடம், போய்விட்ட இடம்

ஐசோலேட்டரின் உள்ளே கிருமி நீக்க ஹைட்ரஜன் பெராக்சைடு ஆவியை விடுவார்கள். ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டிருக்கும் பரப்புக்கு அது போகாது. கிரிப்பர் விரலுக்கும் அது பிடித்த பொருளுக்கும் நடுவே, கொக்கியில் தொங்கும் பையின் காதில், சுருட்டிய குழாயின் உள்பக்கத்தில். ஆவி கிருமியைக் கொன்றதா என்று காட்டும் ஜியோபேசில்லஸ் ஸ்டியரோதெர்மோஃபிலஸ் (எளிதில் சாகாத பாக்டீரியா) சோதனைப் பட்டைகளைத் திறந்த தட்டில் வைத்துவிட்டு மகிழ்ச்சியடைவது வீண். மூட்டுகளிலும் கேபிளுக்கு அடியிலும் வையுங்கள்; சுழற்சியின்போது கிரிப்பரைத் திறந்து மூடி, மூட்டுகளைத் திருப்பிக்கொண்டே இருங்கள்.

போய்விட்ட இடம் சிலிகோன் குழாய். அது பெராக்சைடை உறிஞ்சி, பிறகு மணிக்கணக்கில் கசியவிடும். காற்றில் 1 பி.பி.எம்.முக்குக் கீழே இறங்கிவிட்டது என்று உணரி காட்டுவது ஆபரேட்டரின் மூச்சுக்கான வரம்பு. செல்லுக்கான வரம்பு அன்று. மீடியம் நிரப்பிய பையையும் குழாயையும் முழுச் சுழற்சியில் விட்டு, மீடியத்தில் பெராக்சைடை அளந்து, அதே மீடியத்தில் செல் வளர்த்துப் பாருங்கள்.

காற்றை மறைக்கும் கை

வடிகட்டியிலிருந்து நொடிக்கு 0.36 முதல் 0.54 மீட்டர் வேகத்தில் இறங்கும் காற்று, திறந்த குப்பியை நேராகத் தொட வேண்டும். ரோபோ கை மேலிருந்து குனிந்தால், மூட்டைத் தொட்ட காற்றுதான் குப்பிக்குள் விழும். பக்கவாட்டில் வரச் செய்யுங்கள். புகைச் சோதனையை ரோபோ நிஜ வேகத்தில் ஓடும்போது நடத்துங்கள். நிற்கும் ரோபோவைச் சுற்றிப் புகை எப்போதும் அழகாகத்தான் இறங்கும்.

சுருண்ட குழாய்

உறைக்குள் வாரக்கணக்கில் சுருண்டு கிடந்த குழாய், பிரித்ததும் நேராக நிற்காது. நேற்று முனை இருந்த இடத்தில் இன்று இருக்காது. கேமராவால் தேடிப் பிடிக்க முயல்வதைவிட, குழாய் முனைகளை விறைப்பான சட்டத்தில் பொருத்தி, ரோபோ அந்தச் சட்டத்தைப் பிடிக்கட்டும். குறைந்தது மூன்று உற்பத்தித் தொகுதிகளிலாவது சோதியுங்கள்.

சாதாரண ரோபோவுக்குப் பிளாஸ்டிக் உறை போர்த்துவது

வேண்டாம். ஓர் ஊசித்துளை போதும்.

பையின் வளைவில் பார்கோடு ஒட்டுவது

தட்டையான இடத்தில் ஒட்டுங்கள். உறைபனி படிந்தபின்னும் ஸ்கேனர் படிக்கிறதா என்று பாருங்கள்.

கையால் செய்வதை அப்படியே ரோபோவுக்குச் சொல்லித் தருவது

திறந்த குடுவையில் பிப்பெட் விடும் படியை ரோபோ திறமையாகச் செய்தாலும் அது திறந்த படிதான். குழாயைக் கிருமியின்றிப் பற்றவைத்து மூடிய அமைப்பாக்க முடியுமா என்று முதலில் பாருங்கள். முடிந்தால் அந்தப் படிக்கு ரோபோவே தேவைப்படாமல் போகலாம்.