பிரேக் பேட் மாற்றியபின் பெடல் அமுங்கினால் என்ன பார்க்க வேண்டும்?

புதிய பேட் பொருத்திய காரில் முதல் மிதியில் பெடல் தரைவரை போவது இயல்பு. புதிய பேட்டின் தடிமனுக்கு இடம் கொடுக்க, பேட்டை டிஸ்க்கின்மேல் அழுத்தும் காலிப்பரின் பிஸ்டனை உள்ளே தள்ளியிருப்பதால், அது மறுபடி வெளியே வந்து பேட்டை டிஸ்க்கோடு சேர்க்கும்வரை பிரேக் பிடிக்காது. எனவே வண்டியை நகர்த்துமுன், இன்ஜினை அணைத்துவைத்து, பெடலை மெதுவாகப் பலமுறை மிதித்துக் கெட்டியாக்கிக்கொள்ள வேண்டும். கன்னியாகுமரி மாவட்டத்தின் மார்த்தாண்டத்திலும் தக்கலையிலும் ஒர்க்‌ஷாப் வாசலைத் தாண்டினாலே நெரிசலான சாலை என்பதால், இதை எக்காரணத்தாலும் விட்டுவிடக் கூடாது.

அதன் பிறகும் பெடல் கெட்டியாகவில்லை என்றால், "ஏர் பிடித்திருக்கிறது" என்று உடனே ப்ளீடரை, அதாவது பிரேக் லைனிலுள்ள காற்றை வெளியேற்றும் திருகை, திறப்பவர்கள் பலர். பெடல் எப்படி அமுங்குகிறது என்பதை முதலில் கவனிப்பதே முறை. அடுத்தடுத்து மிதிக்கும்போது பெடல் மேலே வந்து கெட்டியானால், லைனில் காற்று இருக்கலாம், அல்லது பின்சக்கர டிரம்முக்கும் லைனருக்கும் இடைவெளி கூடியிருக்கலாம். ஒரே அழுத்தத்தில் காலை வைத்திருக்கும்போதே மெல்ல இறங்கிக்கொண்டு போனால், எங்கோ ஆயில் கசிகிறது, அல்லது பெடலின் அழுத்தத்தை ஆயிலுக்குக் கடத்தும் மாஸ்டர் சிலிண்டரின் உள்சீல் போய்விட்டது. அந்த வண்டியை ஓட்டிச் செல்லாமல் வேறு வண்டியில் ஏற்றியே கொண்டுபோக வேண்டும். எத்தனை முறை மிதித்தாலும் மாற்றமின்றி ஸ்பிரிங்கைப் போலத் திருப்பித் தள்ளினால், பேட் நேராக உட்காரவில்லை என்றே முதலில் சந்தேகிக்க வேண்டும். இன்ஜினை ஸ்டார்ட் செய்ததும் பெடல் சற்றுத் தாழ்வது, மிதிக்கும் விசையைக் கூட்டித் தரும் பூஸ்டரின் வேலை, அது பழுதல்ல.

பேட் மாற்றும்போது ஹோஸையோ ப்ளீடரையோ திறக்கவே இல்லை என்றால், காற்று புகுவதற்கான வாய்ப்பு குறைவு. அப்போது சக்கரத்தை மீண்டும் கழற்றிப் பார்ப்பதே பயன் தரும். குளச்சல், முட்டம், மணவாளக்குறிச்சி போன்ற கடலோர ஊர்களில் நிற்கும் வண்டிகளில், உப்புக்காற்றால் பேட்டைத் தாங்கும் பிராக்கெட்டில் துரு ஏறி, அதன்மேல் உட்காரும் மெல்லிய கிளிப்பை உயர்த்திவிடும். கிளிப் உயர்ந்தால் பேட் இறுகிச் சாய்வாக நிற்கும். மிதிக்கும் அழுத்தத்தின் ஒரு பகுதி அந்தப் பேட்டை நிமிர்த்துவதிலேயே போய்விடும். கிளிப்பைக் கழற்றி, கம்பி பிரஷ்ஷால் உலோகம் தெரியும்வரை துருவை நீக்கி, பேட் கையால் தள்ளினாலே நகர்கிறதா என்று பார்க்க வேண்டும். காலிப்பர் நகர்ந்து வர உதவும் ஸ்லைடு பின்களும் விரலால் தள்ளினால் தடையின்றி உள்ளே போய் வர வேண்டும். அவற்றுக்கு பிரேக்குக்கென்றே விற்கும் சிலிக்கான் கிரீஸைத்தான் தடவ வேண்டும். சாதாரண கிரீஸ் ரப்பரை உப்பவைத்துவிடும்.

பிஸ்டனைத் தள்ளும்போது ப்ளீடரைத் திறந்திருந்தாலோ, பெடலை மிதித்தபோது டப்பாவில் ஆயில் அடிமட்டத்துக்குப் போயிருந்தாலோ, காற்றை எடுத்தே ஆக வேண்டும். ஒருவர் பெடலை மிதித்துப் பிடித்துக்கொள்ள, மற்றவர் ப்ளீடரைத் திறந்து, பெடல் மேலே வருமுன் மூடிவிட வேண்டும். ப்ளீடரில் மாட்டிய டியூபின் மறுமுனை பாட்டிலிலுள்ள ஆயிலில் மூழ்கியிருக்க வேண்டும். டப்பாவில் ஆயில் குறையக் குறைய ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். நம் ஊர் வண்டிகளில் மாஸ்டர் சிலிண்டருக்குத் தொலைவான இடது பின்சக்கரத்தில் தொடங்குவது வழக்கம் என்றாலும், வண்டியின் கையேடு வேறு வரிசை சொன்னால் அதையே பின்பற்ற வேண்டும். காலிப்பரை இடது வலது மாற்றிப் பூட்டியதால் ப்ளீடர் கீழ்ப்பக்கம் வந்திருந்தால், எவ்வளவு ஆயிலை ஓடவிட்டாலும் மேலே தங்கிய காற்று வெளியேறாது. சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் யூனிட்டுக்குள் காற்று போயிருந்தால், பல வண்டிகளில் ஸ்கேனர் இல்லாமல் அதை எடுக்க முடியாது.

பழைய ஆயிலை மீண்டும் ஊற்றக் கூடாது. பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும்; டாட் 3 வகை ஆயிலின் கொதிநிலை புதிதாக இருக்கையில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் என்றால், ஈரம் ஏறியபின் அந்த வரம்பு 140 டிகிரிதான். இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டத்தில், இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவதைத் தள்ளிப்போடுவது நல்லதல்ல.

பெடல் கெட்டியான பிறகு, காவல்கிணறு நோக்கிய நான்குவழிச் சாலையில் அதிகாலையில், பின்னால் வண்டி வராத நேரம் பார்த்து, மிதமான வேகத்திலிருந்து பலமுறை வேகத்தைக் குறைத்துப் பேட்டை டிஸ்க்கோடு பழக்க வேண்டும். இடையிடையே சூடு ஆறவும் விட வேண்டும். அதை முடிக்காமல் கோதையாறு மலைச்சாலையில் ஏற வேண்டாம். திரும்பி வந்ததும் ஆயில் மட்டத்தைப் பார்த்து, நான்கு சக்கரங்களின் உள்பக்கமும் ஈரம் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்கவும்.