தோட்டத்துப் பழத்தில் ஓட்ஸ் பார்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொல்லையில் ஒரு தார் முழுவதும் ஒரே நேரத்தில் பழுத்துவிட்டால், சர்க்கரை போடாத ஓட்ஸ் பார் (பழக்கூழையும் ஓட்ஸையும் கலந்து ஓவனில் சுட்டு வெட்டும் துண்டுகள்) செய்யும் ஆசை பலருக்கும் வருகிறது. புதிதாகத் தொடங்குகிறவர்கள் என் பழைய தவறுகளையே வரிசை மாறாமல் செய்வதைப் பார்க்கிறேன். அளவு பிசகுவது, தட்டில் நெய் தடவ மறப்பது போன்றவை தாமாகவே சரியாகிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

பச்சைக் கூழ்

பழத்தை மசித்து அப்படியே ஓட்ஸில் கொட்டுவது. இன்றும் எனக்கு எரிச்சல் மூட்டும் தவறு இதுதான். பழம், ஓட்ஸ், கடலை, மின்சாரம் எல்லாமே ஒரே தட்டில் வீணாகின்றன. வாழைப்பழத்தில் முக்கால் பங்கு தண்ணீர். பப்பாளியில் ஏறக்குறைய 88 சதவீதம். சர்க்கரை இனிப்புக்கு மட்டும் அன்று; ஈரத்தைத் தன்னோடு பிடித்துவைத்துப் பூஞ்சையை அண்டவிடாமல் செய்வதும் அதுதான். அதை நீக்கிவிட்டு அந்த இடத்தில் நீரைச் சேர்த்தால் பண்டம் எப்படி நிற்கும்?

எங்கள் தெருப் பெண் ஒருவர் ஒரு டப்பா நிறையக் கொண்டுவந்தார். மேலே பொன்னிறம், உள்ளே கஞ்சிப் பதம், இனிப்பும் போதவில்லை. "தேன் விட்டுப் பார்க்கட்டுமா அக்கா?" என்றார். வேண்டாம் என்றேன்; கேட்காமல் தேனை ஊற்றிவிட்டார். அடுத்த முறை இன்னும் இளகியது. ஐப்பசி மழை ஈரத்தில் மூன்றாம் நாளே ஓரங்களில் வெண்பூஞ்சை. நல்ல கற்பூரவள்ளிப் பழம் அத்தனையும் குப்பைக்குப் போனது. தேனும் சர்க்கரைதான் என்பதால், அவர் தொடங்கிய நோக்கமும் கூடவே போயிற்று.

செய்ய வேண்டியது கூழைச் சுண்டவைப்பது. குமரி மாவட்டத்தில் சக்கவரட்டி (பலாப்பழத்தைச் சுண்டக் கிளறிய பண்டம்) கிளறுகிறவர்களுக்கு இதை நான் சொல்லவே வேண்டாம். 500 கிராம் கூழை அடிகனமான பாத்திரத்தில் சிறு தீயில் கிளறி 250 கிராமுக்குக் கொண்டுவாருங்கள். கண்ணால் மதிப்பிடாமல் தராசில் வையுங்கள். கரண்டியை இழுத்தால் அடி தெரிய வேண்டும். அந்தத் தடம் உடனே மூடிக்கொள்ளக் கூடாது. எடை பாதியானால் இனிப்பின் செறிவு இரு மடங்கு. இந்த 250 கிராமுக்கு 200 கிராம் ஓட்ஸ், ஒரு கைப்பிடி பொடித்த வேர்க்கடலை, இரண்டு மேசைக்கரண்டி நெய், ஒரு சிட்டிகை உப்பு போதும். தேன் தேவைப்படாது.

முற்றாத சப்போட்டா

தோலை நகத்தால் கீறுங்கள். பச்சை நிறமோ பாலோ தெரிந்தால் மரத்திலேயே விடுங்கள். அவசரப்பட்டுப் பறித்த காயின் துவர்ப்பு சுண்டவைத்தாலும் போகாது.

உடனடி ஓட்ஸ்

குழைந்துவிடும். தட்டை ஓட்ஸ் (ரோல்டு ஓட்ஸ்) வாங்குங்கள்.

அதிகச் சூடு

பழச் சர்க்கரை சீக்கிரம் கருகும். ஓவனில் 180 டிகிரி செல்சியஸில் ஓரம் கறுத்து நடு ஈரமாகவே நிற்கும். 160 டிகிரியில் அரை மணி நேரம், தேவைப்பட்டால் இன்னும் ஐந்து நிமிடம்.

"சர்க்கரை இல்லாதது" என்று சொல்லிக் கொடுப்பது

நீரிழிவு உள்ளவர்களிடம் இப்படிச் சொல்லாதீர்கள். சுண்டிய பழத்தில் சர்க்கரை செறிந்திருக்கிறது. ஓட்ஸின் நார்ச்சத்து அதை மெல்லத்தான் இரத்தத்தில் சேர விடும் என்றாலும், ஒரு சிறு துண்டும் கணக்கில் சேரும். பழம் எவ்வளவு போட்டீர்கள் என்பதைச் சொல்லிவிட்டுக் கொடுங்கள்.

சூட்டோடு வெட்டுவது

உதிரும். இரவில் செய்து காலையில் வெட்டுங்கள்.