கிரீஸ் கையா? உடனே குழாயடிக்கு ஓடாதீர்கள்

மூலக்கடை மேம்பாலத்துக்குக் கீழே வண்டி செயின் கழன்று, மாட்டி முடிப்பதற்குள் இரண்டு கையும் அடுப்புக்கரி மாதிரி ஆகிவிட்டது. வீட்டுக்கு வந்து நேரே அடிபம்பில் கையை நனைத்து, குளிக்கிற சோப்பைத் தேய் தேய் என்று தேய்த்தேன். சோப்பு கறுத்ததுதான் மிச்சம். எதிர்வீட்டு மெக்கானிக் அண்ணன் பார்த்துவிட்டு, "தண்ணி ஏன்பா ஊத்துன? மொதல்ல எண்ணெய போடு" என்றார். எண்ணெய்க் கையில் இன்னும் எண்ணெயா என்று தோன்றும். ஆனால் அதுதான் சரி.

செய்முறை இதுதான். நனைக்காத கையைப் பழைய துணியில் அழுத்தித் துடையுங்கள், பாதி கிரீஸ் அதிலேயே போய்விடும். அப்புறம் ஒரு ஸ்பூன் தேங்காய் எண்ணெய் விட்டு ஒரு நிமிஷம் பிசையுங்கள். எண்ணெயில் எண்ணெய் கரையும், இறுகிப்போன கிரீஸ் இளகிக் கறுப்பாக வழியும். அதையும் துடைத்துவிட்டு, இன்னமும் தண்ணீர் படாமல், பாத்திரம் தேய்க்கும் லிக்விட் அரை ஸ்பூன், சர்க்கரை ஒரு சிட்டிகை போட்டு நக இடுக்கு வரை தேய்த்த பிறகு நாலு சொட்டுத் தண்ணீர் தெளித்துப் பாருங்கள், கையில் சாம்பல் நிறத்தில் பால் மாதிரி ஒன்று வரும். வந்துவிட்டதா? இப்போது தாராளமாகக் கழுவலாம்.

அந்தப் பாலில்தான் விஷயமே இருக்கிறது. சோப்பு மூலக்கூறு ஒவ்வொன்றும் தலைப்பிரட்டை மாதிரி: தலைக்குத் தண்ணீர் பிடிக்கும், நீண்ட வாலுக்குத் தண்ணீரே ஆகாது. எண்ணெயையும் காஸ்டிக் சோடாவையும் சேர்த்துத்தானே சோப்பு செய்கிறார்கள், அந்த வால் எண்ணெயிலிருந்து வந்தது, அதனால் எண்ணெயைக் கண்டால் சொந்தக்காரன் வீட்டுக்குள் போகிற மாதிரி உள்ளே போய்விடும். நீங்கள் தேய்க்கும்போது கிரீஸ் பொடிப்பொடித் துளிகளாக உடைகிறது, ஒவ்வொரு துளியிலும் வால்கள் குத்தி நிற்க, தலைகள் வெளிப்பக்கம் சுற்றி வேலி கட்டிவிடுகின்றன. வேலி போட்ட துளிகள் மறுபடி ஒன்றுசேர முடியாது, தண்ணீர் அப்படியே தூக்கிக்கொண்டு போகும். முதலிலேயே கையை நனைத்தால் கிரீஸ் மேல் தண்ணீர் படர்ந்து, சோப்பும் நீர்த்து, வால் எண்ணெயைத் தொடும் முன்பே பாதி சாக்கடைக்குப் போய்விடுகிறது.

நம்பிக்கை இல்லையா? ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் நல்லெண்ணெய் கொஞ்சம் விட்டுக் கலக்குங்கள். கொஞ்ச நேரத்தில் எண்ணெய் மேலே வந்து நிற்கும். லிக்விட் இரண்டு சொட்டு விட்டு மறுபடி கலக்கினால் வெளுத்துப்போய், பிரிய வெகு நேரம் எடுக்கும்.

இன்னொரு வேடிக்கை, கிரீஸிலேயே சோப்பு இருக்கிறது. எண்ணெயைக் கெட்டியாக்கப் பெரும்பாலும் லித்தியம் சோப்பைத்தான் கலக்கிறார்கள். அது தண்ணீரில் எளிதில் கரையாது, அதனால்தான் மழையில் வண்டி ஓட்டினாலும் கிரீஸ் தாங்குகிறது.

நம்ம ஏரியா போர் தண்ணீரில் நுரை வருவதே இல்லை என்று எல்லோரும் சோப்பைத் திட்டுகிறோம். பாவம், அதன் தப்பில்லை. உப்புத் தண்ணீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்பைப் பிடித்து, பால் திரிகிற மாதிரி வெள்ளைக் கட்டியாக ஆக்கிவிடுகின்றன, பக்கெட் ஓரத்தில் ஒட்டுகிறதே, அதுதான். அவை தீரும்வரை கிரீஸுக்கு மிச்சம் இருக்காது. லிக்விடும் ஷாம்பூவும் வேதியியல் கணக்கில் சோப்பு அல்ல, தலையும் வாலும் உண்டு, ஆனால் இப்படித் திரியாது. பார் சோப்புதான் இருக்கிறது என்றால் குடத்து மெட்ரோ வாட்டரில் கழுவுங்கள்.

பெட்ரோலில் கை கழுவுவது மட்டும் வேண்டவே வேண்டாம். கிரீஸோடு தோலின் சொந்த எண்ணெயையும் உருவிக்கொண்டு போய்க் கையை வெடிக்க வைக்கும், பக்கத்தில் யாராவது பீடி பற்றவைத்தால் கேட்கவே வேண்டாம்.

அடுத்த தடவை செயினில் கை வைக்கும் முன் பார் சோப்பை நகத்தால் நன்றாகச் சுரண்டிக்கொள்ளுங்கள். நக இடுக்கில் சோப்பு அடைந்திருந்தால் கிரீஸ் நுழைய இடமில்லை, பிறகு பழைய டூத் பிரஷ்ஷால் ஒரு இழுப்பு போதும்.