பிரிட்டனுக்குப் படிக்கப் போகிறீர்களா? முதல் மாதத்தில் செய்ய வேண்டிய பாதுகாப்பு வேலைகள்

"ராத்திரியில வெளிய சுத்தாத" என்று சொல்லித்தான் வீட்டில் விமானம் ஏற்றிவிடுவார்கள். தப்பில்லை. ஆனால் அங்கே மாணவர்களைச் சிக்கவைப்பவை பெரும்பாலும் பட்டப்பகலில், சிரித்த முகத்தோடு வருகின்றன: வாடகை அறை, வங்கிக் கணக்கு, அழகான அருவி.

படி 1: கிளம்பும் முன்

பாஸ்போர்ட், சேர்க்கைக் கடிதம், காப்பீட்டுத் தாள் ஆகியவற்றின் நகல்களை மின்னஞ்சலில் ஒரு செட், அப்பா அம்மாவிடம் காகிதத்தில் ஒரு செட் வையுங்கள். இப்போது விசா அட்டை கிடையாது, இணையக் கணக்கில் இருக்கும் மின்விசாதான். அதில் நுழைய வரும் குறியீடு பழைய சிம்முக்கோ மறந்துபோன மின்னஞ்சலுக்கோ போனால் திண்டாட்டம். எனவே இந்திய சிம்மை ரீசார்ஜ் செய்து உயிரோடு வைத்திருங்கள். நம் வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' இணையதளத்தில் மாணவராகப் பதிந்துகொள்ளுங்கள்.

படி 2: வீடு

படத்தைப் பார்த்து இங்கிருந்தே பணம் அனுப்பாதீர்கள். முதல் சில வாரம் பல்கலைக்கழக விடுதியில் தங்கி, அறையை நேரில் பார்த்துவிட்டுப் பேசுங்கள். இங்கிலாந்தில் சாதாரண வாடகை வீட்டுக்கு டெபாசிட் ஐந்து வார வாடகையைத் தாண்டக்கூடாது. அதையும் வீட்டுக்காரர் 30 நாளுக்குள் அரசு அங்கீகரித்த திட்டத்தில் போட்டு, விவரத்தை உங்களுக்குத் தர வேண்டும். சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் கேட்டுப் பழகிய காதுக்கு இது புதிதாக இருக்கும். எரிவாயு பாய்லர் இருந்தால் அந்த வருடத்துப் பாதுகாப்புச் சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். தாளிக்கிற புகைக்கே அலாரம் அலறும். அதற்காகப் பாலிதீன் பையால் மூடிக் கட்டுகிற வேலை வேண்டாம்!

படி 3: எண்களும் டாக்டரும்

உயிருக்கு ஆபத்து, தீ, குற்றம் நடந்துகொண்டிருக்கிறது என்றால் 999. செல்போனிலிருந்து அழைத்துப் பேச முடியாத நிலை என்றால், கேட்கும்போது 55 அழுத்துங்கள்; அழைப்பு போலீசுக்குப் போகும். அவசரமில்லாத போலீஸ் விஷயத்துக்கு 101, மருத்துவ ஆலோசனைக்கு 111.

காய்ச்சல் வரும்வரை காத்திராமல் முதல் வாரத்திலேயே பக்கத்து ஜிபி எனப்படும் பொது மருத்துவரிடம் பதிந்துவிடுங்கள். விசாவோடு சுகாதாரக் கட்டணம் கட்டியிருக்கிறீர்கள், டாக்டரைப் பார்க்கத் தனியாகக் காசு இல்லை.

படி 4: வங்கிக் கணக்கு

இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். நம்மவர் ஒருவரே வருவார். "என் கணக்குல லிமிட் முடிஞ்சிருச்சு தம்பி, உன் கணக்குல போடுறேன், எடுத்து இவங்களுக்கு அனுப்பிடு, உனக்கு 100 பவுண்ட்." அந்தப் பணம் பெரும்பாலும் யாரையோ ஏமாற்றி எடுத்தது. உங்கள் கணக்கு வழியாகப் போனால் அது பணச்சலவை, அதாவது குற்றப் பணத்தை நல்ல பணம்போல் மாற்றும் குற்றம். உச்சபட்சத் தண்டனை 14 ஆண்டு சிறை. வங்கி கணக்கை மூடிவிடும், வேறு வங்கியில் திறப்பதும் கஷ்டம், விசாவும் ஆட்டம் காணும். பகுதிநேர வேலை கிடைக்காத மாதத்தில்தான் இந்த ஆசை வரும்.

விசாவைக் கவனிக்கும் பிரிட்டன் உள்துறை அலுவலகத்திலிருந்து பேசுகிறேன், உடனே பணம் கட்டாவிட்டால் நாடுகடத்துவோம் என்று போன் வந்தாலும் மோசடிதான். வைத்துவிட்டுப் பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் போய்ச் சொல்லுங்கள்.

படி 5: தண்ணீர்

2024 ஏப்ரலில் ஸ்காட்லாந்தின் லின் ஆஃப் டம்மெல் அருவியில் இரண்டு இந்திய இளைஞர்கள் இறந்தார்கள். இருவரும் டண்டீ பல்கலைக்கழகத்தில் படித்தவர்கள். குற்றால நினைப்பில் அங்கே இறங்கக்கூடாது. 15 டிகிரிக்குக் கீழுள்ள தண்ணீரில் விழுந்ததுமே தன்னிச்சையாக மூச்சை இழுப்போம், தண்ணீர் உள்ளே போகும். நீச்சல் தெரிந்தவருக்கும் இதேதான். தவறி விழுந்தால் நீந்தப் பாயாமல், தலையைப் பின்னால் சாய்த்து, காது நனைய மல்லாந்து மிதந்து, மூச்சு சீரான பிறகு கையை அசைக்கத் தொடங்குங்கள். கரையில் நிற்பவர் குதிக்காமல் 999ஐ அழைக்க வேண்டும். கடற்கரையில் என்றால் அதே எண்ணில் கோஸ்ட்கார்டை (கடலோரக் காவல் படையை) கேளுங்கள்.

படி 6: வீட்டோடு ஓர் ஒப்பந்தம்

குளிர்காலத்தில் நேர வித்தியாசம் ஐந்தரை மணி, கோடையில் நாலரை. வாரத்தில் எந்த நாள் எத்தனை மணிக்குப் பேசுவது என்று முடிவு செய்யுங்கள். டிசம்பரில் லண்டனில் நாலு மணிக்கு முன்பே இருட்டிவிடும், மனசும் சுருங்கும். அந்த மாதங்களில் இந்த அழைப்பைத் தள்ளிப்போட வேண்டாம். பெற்றோருக்கும் ஒரு வேலை: பல்கலைக்கழகத்தின் 24 மணிநேரப் பாதுகாப்பு எண்ணையும், கூடத் தங்கியிருக்கும் ஒருவரின் எண்ணையும் வாங்கி வையுங்கள். பிள்ளை இரண்டு முறை எடுக்கவில்லை என்றால் முதலில் கூட இருப்பவருக்கு, அடுத்து பாதுகாப்பு எண்ணுக்கு.