குகைக்குப் போகிறீர்களா? கையைக் கட்டிக்கொண்டு போங்கள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், கிந்தா பள்ளத்தாக்குப் பக்கம் எங்கள் தோட்டத்து ஊர். செம்பனை வரிசை முடிகிற இடத்தில் சுண்ணாம்பு மலை எழும்பும். அதன் அடியில் ஒரு குகை, அதைக் காக்க ஒரு சின்னப் பூங்கா. ஞாயிற்றுக்கிழமை நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு) பொட்டலத்தோடு வருகிறவர்கள் யாரும் குகையைக் கெடுக்க வருவதில்லை. 'கல்தானே, என்ன ஆகிவிடும்' என்ற நினைப்புதான் கெடுக்கிறது.

விழுதுபோல் தொங்கும் கல்லைக் கண்டால் கை தானாக நீளும். அது இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும் கல். மண்ணில் இறங்கும் மழைநீர் அங்குள்ள கரியமில வாயுவை ஏற்று மலையைக் கரைக்கிறது. குகைக் காற்றில் அந்த வாயு பிரிந்ததும் கரைந்த சுண்ணாம்பு சொட்டுச் சொட்டாகப் படிகிறது. ஒரு விரல் நீளத்துக்குப் பல நூறு ஆண்டுகள் ஆகலாம். நம் கை எண்ணெய் பட்ட இடத்தில் சுண்ணாம்பு சரியாக ஒட்டாது, அழுக்கேறிக் கறுத்துவிடும். வாசல் பக்கம் பிள்ளைகளின் உயரத்தில் ஓடும் கறுப்புப் பட்டை அப்படி வந்ததுதான்.

அடுத்தது நம் ஆட்களுக்கே உரியது. ஒரு கல் லிங்கம்போலத் தெரிந்தால் போதும், பையிலிருந்து கற்பூரம் வெளியே வந்துவிடும். பத்துமலைக் குகை வழிபாட்டுத் தலம், இது அப்படியில்லை. உள்ளே மழை பெய்து கழுவாது, படிந்த கரி அங்கேயே கிடக்கும்.

வௌவாலைப் பார்த்துக் கத்துவதும் டார்ச் அடிப்பதும் இன்னொன்று. குகையில் தங்கும் தேன் வௌவால்தான் இரவில் டுரியான் பழ மரத்தின் பூக்களிலும், விதைக்காக வளர்க்கும் பெத்தாய் மரத்தின் பூக்களிலும் மகரந்தம் சேர்க்கிறது. டுரியான் பூ விரிவதே மாலையில்தான். மிரண்டு பறக்கும் தாயிடமிருந்து குட்டி கீழே விழுந்தால் பெரும்பாலும் பிழைக்காது. டுரியான் கிலோ விலையைக் கேட்டுப் புலம்புகிறவர்கள் அங்கேயாவது வாயை மூடலாம்.

வௌவால் எச்சம் கத்தரிச் செடிக்கு நல்ல உரம் என்று சாக்கும் மண்வெட்டியுமாக வருகிறவர்களும் உண்டு. காய்ந்த எச்சத்தைக் கிளறினால் எழும் தூசியில் நுரையீரலைத் தாக்கும் பூஞ்சை வித்து இருக்கலாம். பூங்காவில் எதையும் அள்ளக் கூடாது என்பது தனி விஷயம்.

வாசலில் வெயில் அடிக்கிறது என்று ஓடையோரமாக உள்ளே போகாதீர்கள். மலைக்கு அந்தப் பக்கம் கொட்டிய மழை, குகைக்குள் தண்ணீரைச் சட்டென்று ஏற்றிவிடும். கைப்பேசி வெளிச்சம் மட்டும் போதாது. பாதி சார்ஜில் போனவர்கள் சுவரைப் பிடித்துப் பிடித்துத்தான் திரும்பி வருகிறார்கள், தொடக் கூடாத அதே சுவரை.