விடியலுக்கு முன் கடலுக்கு மேல் கோள்கள்: படம் எடுப்பது எப்படி?

படி 1: நேரம் குறியுங்கள். இதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். சூரியன் அடிவானத்துக்குக் கீழே 12 பாகையிலிருந்து 6 பாகைக்கு வரும் இடைவெளிதான் நமக்கு வேண்டியது. அதற்கு முன்னால் கடல் வெறும் கறுப்பு. பிந்திப் போனால் வெள்ளியும் வியாழனும் மட்டும் தாக்குப்பிடிக்கும், மங்கலான கோள்கள் வெளுப்பில் கரைந்துவிடும். பழைய கால மாலுமிகள் செக்ஸ்டன்ட் கருவியால் விண்மீன் உயரத்தை அளந்ததும் இந்த வெளிச்சத்தில்தான். விண்மீனும் கடல்விளிம்பும் ஒருசேரத் தெளிவாகத் தெரிவது விடியலிலும் அந்தியிலும் வரும் இந்த அரையிருளில்தான். பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இது 25 நிமிடம் போல இருக்கும், துருவங்களை நோக்கிப் போகப் போக நீளும்.

படி 2: எந்தக் கோள், எங்கே என்று ஸ்டெல்லேரியம் செயலியில் முந்தின நாளே பாருங்கள். வெள்ளி சூரியனைவிட்டு அதிகபட்சம் 47 பாகைதான் விலகும், புதன் 28 பாகை. அதனால் புதன் எப்போதும் தாழ்வாகத்தான் நிற்கும். கிழக்கே மேகமோ மூட்டமோ இருந்தால் அன்றைக்கு அதை மறந்துவிடலாம். தொடக்கத்துக்கு வெள்ளியே நல்லது.

படி 3: ட்ரைபாட் கால்களை ஈர மணலில் நன்றாக அழுத்தி ஊன்றுங்கள். அலை வந்து தொடும் இடம் வேண்டாம், கால் மெல்லப் புதைந்து படம் ஆடிவிடும். லென்ஸில் உள்ள ஆட்டத்தடுப்பை அணைத்துவிடுங்கள்.

படி 4: ஃபோகஸ். ஆட்டோ ஃபோகஸ் இருட்டில் தடுமாறும். மேனுவலுக்கு மாற்றி, திரையில் வெள்ளியைப் பத்து மடங்கு பெரிதாக்கி, வளையத்தை மெதுவாகத் திருப்புங்கள். ஒளிப்பொட்டு சுருங்கிக்கொண்டே வரும், ஒரு கட்டத்துக்கு மேல் மறுபடி உப்பும். மிகச் சிறியதாக இருந்த இடத்தில் நிறுத்துங்கள். அப்புறம் வளையத்தைத் தொடவே தொடாதீர்கள்.

படி 5: 24 மி.மீ. லென்ஸ், எஃப்/2.8 (லென்ஸ் திறப்பின் அளவு), ஐஎஸ்ஓ 800 (ஒளியுணர்வின் அளவு), 4 விநாடி (ஷட்டர் திறந்திருக்கும் நேரம்) என்று ஆரம்பிக்கலாம். ரா கோப்பாகவே (கேமரா மெருகேற்றாத மூலப் பதிவு) எடுங்கள், 2 விநாடி டைமர் வையுங்கள். வானம் வேகமாக வெளுக்கும் என்பதால் இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை ஹிஸ்டோகிராமை (படத்தின் வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடம்) பார்த்து, முதலில் ஐஎஸ்ஓவைக் குறையுங்கள், பிறகு விநாடியை. கடல் அமைதியாக இருந்தால் வெள்ளியின் ஒளி தண்ணீரில் ஒரு மெல்லிய கோடாக விழும். அது கிடைக்கும் நாளில் கேமராவைச் செங்குத்தாகத் திருப்பி, சட்டத்தில் பாதிக்கு மேல் கடலுக்கே கொடுங்கள். எனக்கு மிகப் பிடித்த படங்கள் அப்படி வந்தவைதான்.

படி 6: அவ்வப்போது லென்ஸில் டார்ச் அடித்துப் பாருங்கள், பனியும் உப்புத் திவலையும் படிந்திருந்தால் கோளைச் சுற்றி ஒளிவட்டம் விழும். வீட்டுக்கு வந்ததும் ட்ரைபாட் கால்களை நல்ல தண்ணீரில் கழுவிக் காய வையுங்கள். மணலும் உப்பும் தங்கினால் பூட்டுகள் இறுகிவிடும்.