பில்பெரிச் செடியை இனங்காண்பது எப்படி?

பிரிட்டனில் ஹெதர் புதர்கள் படர்ந்த, மரங்கள் அரிதான, புளிப்பு மண் கொண்ட மேட்டுநில மூர் வெளிகளில் ஜூலை முதல் செப்டம்பர் வரை பில்பெரி பழுக்கிறது. ஸ்காட்லாந்தில் பிளேபெரி என்றும், எக்ஸ்மூர்ப் பகுதியில் வொர்ட் என்றும், ஷ்ராப்ஷயர் குன்றுகளில் வின்பெரி என்றும் இதைச் சொல்வார்கள். தாவரவியலில் இதன் பெயர் வாக்சினியம் மிர்ட்டிலஸ்.

பறிக்கச் செல்பவர்கள் பெரும்பாலும் பழத்தைத் தேடுகிறார்கள். நான் தண்டைப் பார்க்கச் சொல்வேன், ஏனெனில் கறுத்த உருண்டைப் பழங்கள் பல செடிகளில் காய்க்கின்றன. பில்பெரியின் இளந்தண்டு நல்ல பச்சையாக இருக்கும். இரு விரல்களுக்கிடையே வைத்து உருட்டினால் வழுவழுப்பாக உருளாமல் அதன் நீளவாக்கு விளிம்புகள் தட்டுப்படும். குளிர்காலத்தில் இலைகளெல்லாம் உதிர்ந்த பின்னும் தண்டின் பச்சை மாறாது என்பதால், பழம் நிறைந்த இடங்களை அப்போதே கண்டு வைத்துக்கொள்ளலாம்.

செடி பெரும்பாலும் முழங்காலுக்கு மேல் உயராது. ஒன்று முதல் மூன்று சென்டிமீட்டர் நீளமுள்ள முட்டைவடிவ இலைகள் மெல்லியவை. அவற்றின் ஓரத்தில் நுண்ணிய பற்கள் இருப்பதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் காணலாம். ஏப்ரல் முதல் ஜூன் வரை, இளஞ்சிவப்பும் பச்சையும் கலந்த சிறு குடங்களைப் போலப் பூக்கள் தலைகவிழ்ந்து தொங்கும். பழம் கொத்தாகக் காய்ப்பதில்லை. இலைக் கக்கத்தில் ஒன்றாகவோ, எப்போதாவது இரண்டாகவோ இருக்கும். ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான அந்தக் கறுநீலப் பழத்தின் மேல் பெரும்பாலும் சாம்பல் படிந்தாற்போன்ற பூச்சு காணப்படும். நுனியில் தட்டையான வட்ட விளிம்பு ஒன்று இருக்கும். நசுக்கிப் பார்த்தால் உள்ளேயும் கருஞ்சிவப்பாகவே இருக்கும். கடையில் வாங்கும் புளூபெரியின் சதை வெளிறியிருப்பது இதற்கு நேர்மாறு. நாவல்பழம் தின்ற நாக்கைப் போலவே இதைத் தின்ற நாக்கும் கறைபடும்.

அதே நிலத்தில் வளரும் குரோபெரியின் பழம் கறுப்பாக இருந்தாலும், இலைகள் ஊசி போன்று குறுகியிருப்பதால் குழப்பத்துக்கு இடமில்லை. கௌபெரிக்குத் தடித்த, பளபளப்பான, உதிராத இலைகளும் சிவந்த பழங்களும் உண்டு. இவ்விரண்டும் உண்ணத்தக்கவையே.

உண்மையில் அஞ்ச வேண்டியது கொடிய நஞ்சுள்ள பெல்லடோனாவுக்குத்தான். அது மணத்தக்காளியின் குடும்பத்தைச் சேர்ந்தது; அந்தப் பளபளக்கும் கறுப்புப் பழத்தைப் பறித்துத் தின்று வளர்ந்த நம்மவர்களின் கை, பெரிய மணத்தக்காளியைப் போலத் தோன்றும் இந்தப் பழத்தை நோக்கித் தயக்கமின்றி நீண்டுவிடக்கூடும் என்பதே என் கவலை. பெல்லடோனா ஆளுயரம் வரை வளரக்கூடியது. சுண்ணாம்பு மண்ணையும் மரநிழலையும் விரும்புவது. அதன் இலைகள் கையளவு பெரியவை. செர்ரி அளவுள்ள பழத்தின் அடியில் ஐந்து மடல்கள் கொண்ட பச்சைப் புல்லிவட்டம் நட்சத்திரம்போல் விரிந்திருக்கும். பில்பெரியில் அப்படி எதுவும் இல்லை. தண்டு, இலை, பழத்தின் நுனி, சதையின் நிறம் ஆகிய நான்கும் ஒத்துவந்தாலன்றி ஒரு பழத்தையும் வாயில் போடாதீர்கள். முதல் முறை செடியை அறிந்த ஒருவருடன் செல்லுங்கள்.

பழுத்தவை இலைகளுக்கடியில் மறைந்திருப்பதால், கிளையை ஒரு கையால் மெல்லத் தூக்கிப் பிடித்து மறு கையால் பறிக்க வேண்டும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் காட்டுப்பழத்தைச் சொந்தத் தேவைக்குப் பறிப்பது 1968ஆம் ஆண்டுத் திருட்டுச் சட்டத்தின்படி திருட்டாகாது. ஆனால் விற்பதற்காகப் பறிப்பதற்கு இந்த விலக்கு பொருந்தாது. மூர்களில் உண்ணிகள் மிகுதி என்பதால் நீளக் காற்சட்டை அணிந்து செல்லுங்கள். வீடு திரும்பியதும், பழங்களைக் கழுவுவதற்கு முன்பே, முழங்காலின் பின்புறத்தையும் இடுப்பையும் சோதித்துவிடுங்கள்.